சட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதா?

"நோயாளிகளுக்குப் பாதுகாப்பு தரும் புதுச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது" என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் படித்து மகிழ்கிறார்கள். அடுத்த வாரம் அந்த வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "புதுச் சட்டம் வந்துவிட்டதாமே?" என்று கேட்கிறார். "அது இன்னும் அமுலுக்கு வரவில்லை, அய்யா" என்கிறார் அங்குள்ள குமாஸ்தா.

பத்திரிகை சொன்னது பொய் அல்ல. குமாஸ்தா சொன்னதும் பொய் அல்ல. சட்டம் நிறைவேறுவது வேறு. சட்டம் அமுலுக்கு வருவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே சில சமயம் ஒரு நாள்தான் இருக்கும். சில சமயம் ஆறு ஆண்டுகள் கூட ஓடிவிடும்.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். பெண் பார்த்தாகிவிட்டது. இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயதார்த்தமும் நடந்துவிட்டது. ஆனால் முகூர்த்த நாள் குறிக்கவில்லை. அப்படியானால் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. நிறைவேறிய சட்டத்தின் நிலையும் இதுதான். அதற்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும். அந்த நாள் வரும் வரை அது காகிதத்தில் இருக்கும் சட்டம்.

வரிச் சட்டம் தள்ளிப் போனால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். வைத்தியச் சட்டம் தள்ளிப் போனால், நோயில் கிடப்பவர் அந்தத் தாமதத்தைத் தம் உடம்பால் தாங்குகிறார். ஆகவே இந்த நாள் குறிக்கும் முறையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மசோதா சட்டமாகும் வழி

முதலில் மந்திரி ஒரு மசோதாவைக் கொண்டுவருகிறார். மசோதா என்றால் சட்டத்தின் நகல். அதை லோக்சபையும் ராஜ்யசபையும் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். பிறகு அது ஜனாதிபதியிடம் போகும். அவர் சம்மதம் தந்து கையெழுத்துப் போட்டதும் மசோதா என்ற பெயர் போய், சட்டம் என்ற பெயர் வருகிறது. மாநிலச் சட்டமானால் சட்டசபை நிறைவேற்றும். கவர்னர் சம்மதம் தருவார். சில சட்டங்களை அவர் ஜனாதிபதிக்கு அனுப்பி வைப்பதும் உண்டு.

அடுத்தது கெஜட். சர்க்கார் வெளியிடும் அதிகாரபூர்வமான பத்திரிகைக்கு கெஜட் என்று பெயர். சட்டம் அதில் அச்சாகி வெளிவர வேண்டும்.

கெஜட்டில் வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய வழக்கு பதில் சொல்லுகிறது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-ம் ஆண்டு அபினி பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். மந்திரிகள் கூடித் தீர்மானம் போட்டார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். அதை எங்கும் வெளியிடவில்லை. ஊராருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் மீது அந்தச் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். 50 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். வழக்கு டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஜனங்களுக்குத் தெரிவிக்காத சட்டத்தைக் கொண்டு ஜனங்களைத் தண்டிப்பது நியாயம் அல்ல என்று நீதிபதிகள் கூறினார்கள்.

கெஜட் என்பது வெறும் சடங்கு அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அது சட்டத்துக்குப் போடும் தண்டோரா. முன்பு அதை அச்சிட்டு விற்றார்கள். இப்போது செல்போனிலேயே காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

நாள் குறிப்பது யார்?

சட்டம் எந்த நாளில் அமுலுக்கு வரும் என்பதை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதல் வகை: சட்டத்தில் நாளைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருப்பது. அப்படியானால் ஜனாதிபதி சம்மதம் தந்த நாளே அமுலுக்கு வரும் நாள். 1897-ம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம் இப்படிச் சொல்லுகிறது. நேரத்தையும் அதே சட்டம் சொல்லுகிறது. முந்திய நாள் முடிந்த அந்த வினாடியில் புதுச் சட்டம் தொடங்கிவிடும். அதாவது, நாம் தூங்கிக்கொண்டிருக்கும் நள்ளிரவில் சட்டம் விழித்துக்கொள்ளுகிறது.

இரண்டாவது வகை: நாளைச் சட்டத்திலேயே எழுதிவிடுவது. இதற்கு நல்ல உதாரணம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சில பிரிவுகள் உடனே தொடங்கும், மீதி எல்லாம் 120-வது நாளில் தொடங்கும் என்று அந்தச் சட்டமே சொல்லிவிட்டது. 2005-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் தந்தார். அக்டோபர் 12-ந் தேதி சட்டம் முழுவதும் அமுலுக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் கெஞ்ச வேண்டி இருக்கவில்லை.

மூன்றாவது வகை: நாள் குறிக்கும் அதிகாரத்தை சர்க்காரிடம் விட்டுவிடுவது. "மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கும் தேதியில் இது அமுலுக்கு வரும்" என்ற பொருளில் சட்டத்தின் முதல் பிரிவில் ஒரு வரி இருக்கும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கவும் பல சட்டங்களில் இடம் உண்டு. சுகாதாரச் சட்டங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகைதான்.

அந்த ஒரு வரிதான் எல்லாத் தாமதத்துக்கும் வாசல். அதில் "எப்போதாவது" என்ற சொல் இல்லை. ஆனால் "இத்தனை நாளுக்குள்" என்ற சொல்லும் இல்லை.

காத்திருப்பதில் நியாயம் உண்டா?

உண்டு. அதை மறைக்கக் கூடாது.

ஒரு சட்டம் "குறை கேட்கும் அதிகாரி வேண்டும்" என்று சொன்னால், அந்த அதிகாரியை நியமிக்க வேண்டும். "ஆஸ்பத்திரிகள் லைசென்சு வாங்க வேண்டும்" என்று சொன்னால், லைசென்சு தரும் அலுவலகம் வேண்டும். மனு எழுதும் பாரம் வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று விதி செய்ய வேண்டும். இவை எதுவும் இல்லாமல் சட்டத்தை மட்டும் திறந்துவிட்டால், டிக்கெட் கொடுக்க ஆள் இல்லாத ரயில் நிலையம் போல ஆகிவிடும்.

காத்திருக்கும் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம். அங்கே எல்லா ஜனங்களுக்கும் இலவச வைத்தியம் தருவதற்காகத் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் செய்தார்கள். மன்னர் சம்மதம் தந்தது 1946-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி. சேவை தொடங்கியது 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி. நடுவே இருபது மாதங்கள்.

அந்த இருபது மாதமும் சுகாதார மந்திரி அன்யூரின் பெவன் சும்மா இருக்கவில்லை. தர்ம ஆஸ்பத்திரிகளையும் நகரசபை ஆஸ்பத்திரிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஏற்பாடு செய்தார். டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1948-ன் தொடக்கத்தில் வாக்கெடுப்பு நடத்தி, சேரமாட்டோம் என்றார்கள். மந்திரி அவர்களுடன் பேசினார். சில விஷயங்களில் விட்டுக்கொடுத்தார். ஆனால் குறித்த நாளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். எந்த நாளில் தொடங்கும், என்னென்ன கிடைக்கும், அதற்குள் நீங்கள் எந்த டாக்டரிடம் பெயர் பதிய வேண்டும் என்று எளிய வார்த்தைகளில் சொன்னார்கள். ஜூலை 5-ந் தேதி வந்தபோது ஜனங்களும் தயார், ஆஸ்பத்திரிகளும் தயார்.

காத்திருப்பது தப்பு அல்ல. எதற்காகக் காத்திருக்கிறோம், எதுவரை காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருப்பதுதான் தப்பு.

நம் நாட்டில் நடந்தது

மனநலம் பாதித்தவர்கள் பற்றி வெள்ளைக்காரர் காலத்தில் 1912-ல் ஒரு சட்டம் இருந்தது. "பைத்தியச் சட்டம்" என்றே அதற்குப் பெயர். நோயாளியைக் குணப்படுத்துவதைவிட, அவரை அடைத்து வைப்பதே அதன் பெரிய நோக்கம். சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டமே நீடித்தது. கடைசியில் 1987-ல் புதிய மனநலச் சட்டம் நிறைவேறியது. தனியார் மனநோய் ஆஸ்பத்திரிகள் லைசென்சு வாங்க வேண்டும், சிகிச்சையின்போது நோயாளியை இழிவாகவோ கொடுமையாகவோ நடத்தக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதினார்கள். 1987-ம் ஆண்டு மே 22-ந் தேதி ஜனாதிபதி சம்மதமும் கிடைத்தது.

அது அமுலுக்கு வந்தது எப்போது தெரியுமா? 1993-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி! ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். 1987-ல் பிறந்த குழந்தை பள்ளிக்கூடத்தில் சேரும் வயது வந்த பிறகுதான் அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது. அதுவரை 1912-ம் ஆண்டின் பழைய சட்டமே நோயாளிகளை ஆண்டது.

இன்னொன்றைப் பார்ப்போம். வயிற்றில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சோதித்து, பெண் என்றால் அழித்துவிடும் கொடுமை நாட்டில் பரவியது. அதைத் தடுக்க 1994-ல் சட்டம் செய்தார்கள். செப்டம்பர் 20-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் கிடைத்தது. அமுலுக்கு வந்தது 1996-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. பதினைந்து மாதங்களுக்கு மேல். ஒரு தாயின் வயிற்றில் குழந்தை இருப்பது பத்து மாதம். சட்டமோ அதற்கு மேலும் காத்திருந்தது.

மூன்றாவது, எச்.ஐ.வி. கிருமி பாதித்தவர்களுக்கான சட்டம். இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடித்ததே சென்னையில்தான், 1986-ல். அதன்பின் அந்த நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலையை விட்டு நீக்கினார்கள். வீட்டை விட்டுக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். ஆஸ்பத்திரியிலும் கூடத் தொட மறுத்தார்கள். இவற்றையெல்லாம் தடுக்கும் மசோதா 2014-ல் ராஜ்யசபையில் வந்தது. 2017-ல் இரு சபைகளிலும் நிறைவேறியது. ஏப்ரல் 20-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் தந்தார்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். சம்மதம் இல்லாமல் ரத்தத்தைச் சோதிக்கக் கூடாது என்கிறது. நோய் பற்றிய ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறை தீர்க்கும் அதிகாரி வேண்டும் என்கிறது. அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும். அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவு போட வேண்டும் என்கிறது.

அதிகாரிக்கு 24 மணி நேரம் கெடு வைத்த அந்தச் சட்டம், தான் அமுலுக்கு வருவதற்கு ஒரு கெடுவும் வைத்துக்கொள்ளவில்லை. 2018-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதிதான் அமுலுக்கு வந்தது. சம்மதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் 508 நாட்கள். அந்த 508 நாட்களில் வேலையை இழந்தவர், வீட்டை இழந்தவர், சிகிச்சை மறுக்கப்பட்டவர் எவரும் இந்தச் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. "அது இன்னும் அமுலுக்கு வரவில்லை" என்ற ஒரே பதில்தான்.

அவசரம் என்றால் முடிகிறதே!

வேலை நிறைய, ஆகையால் தாமதம் என்று சொல்லலாம். ஆனால் சர்க்கார் மனம் வைத்தால் எவ்வளவு சீக்கிரம் செய்ய முடியும் என்பதையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

2020-ல் கொரோனா நோய் பரவியது. டாக்டர்களையும் நர்சுகளையும் சிலர் தாக்கினார்கள். சென்னையில் நோய்க்குப் பலியான ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் கல் எறிந்தது. நாடே தலைகுனிந்தது. ஏப்ரல் 22-ந் தேதி ஜனாதிபதி அவசரச் சட்டம் பிறப்பித்தார். 1897-ம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதன் மூலம் திருத்தப்பட்டது. டாக்டர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை என்று ஆயிற்று. பிறப்பித்த அன்றே அது அமுலுக்கும் வந்துவிட்டது.

வாடகைத் தாய் முறையை ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கு 2021-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஜனாதிபதி சம்மதம் கிடைத்தது. அமுலுக்கு வந்த நாள் 2022-ம் ஆண்டு ஜனவரி 25. சரியாக ஒரே மாதம்!

ஒரு சட்டத்துக்கு ஒரு நாள், இன்னொன்றுக்கு ஒரு மாதம், வேறொன்றுக்கு ஆறு ஆண்டு. இந்த வித்தியாசத்துக்கு வேலைப் பளு மட்டும் காரணமாக இருக்க முடியாது. யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவர்களுக்கு நாள் சீக்கிரம் குறிக்கப்படுகிறது. மனநோயாளியும், நோயை வெளியே சொல்லக் கூசும் ஏழையும், பிறக்காத பெண் குழந்தையும் ஊர்வலம் போக முடியுமா?

கோர்ட்டுக்குப் போகலாமா?

"சர்க்கார் நாள் குறிக்காவிட்டால் கோர்ட்டு குறிக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். 1981-ல் சுப்ரீம் கோர்ட்டில் இதே கேள்வி வந்தது. அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தம் 1978-ல் நிறைவேறியது. விசாரணை இல்லாமல் காவலில் வைப்பது பற்றிய ஒரு பிரிவுக்கு மட்டும் சர்க்கார் நாள் குறிக்கவில்லை. நாள் குறிக்கும்படி உத்தரவிட வேண்டும் என்று கேட்டார்கள். நாள் குறிக்கும் அதிகாரத்தைப் பார்லிமெண்டே சர்க்காரிடம் கொடுத்துவிட்டது, ஆகையால் கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பிரிவு இன்னும் அமுலுக்கு வரவில்லை!

ஆனாலும் கோர்ட்டு கேள்வி கேட்கலாம். எச்.ஐ.வி. சட்டத்தை ஏன் இன்னும் அமுலாக்கவில்லை என்று டில்லி ஐகோர்ட்டு 2018 ஆகஸ்டு மாதம் மத்திய சர்க்காரைக் கேட்டது. அடுத்த மாதமே நாள் அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு ஆள் இருந்தால் பதில் சொல்ல ஆள் வருவார்கள்.

நம் மாநிலத்துக்கு வந்ததா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நமது அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலங்களின் பொறுப்பு. அதில் டில்லி சட்டம் செய்ய வேண்டுமானால், குறைந்தது இரண்டு மாநிலங்கள் "எங்களுக்காகச் சட்டம் செய்யுங்கள்" என்று தீர்மானம் போட வேண்டும். அப்படிச் செய்த சட்டம் கேட்ட மாநிலங்களுக்கு மட்டும் பொருந்தும். மற்ற மாநிலங்கள் விரும்பினால் தங்கள் சட்டசபையில் தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.

ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்யும் மத்தியச் சட்டம் 2010-ல் இப்படித்தான் வந்தது. அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், மிசோரம், சிக்கிம் ஆகிய நான்கு மாநிலங்களுக்காகச் செய்தார்கள். 2012-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி அந்த மாநிலங்களில் அமுலுக்கு வந்தது. டில்லியில் ஒரு சட்டம் வந்தது என்று படித்தவுடன், "நம் ஊருக்கும் வந்துவிட்டது" என்று நினைத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரிகளை ஒழுங்குபடுத்தும் அந்தச் சட்டம் 1997-ல் வந்தது. சட்டம் செய்துவிட்டோம் என்று நாம் மார்தட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதன்கீழ் விதிகள் வந்தது 2018-ல்! விதி இல்லாத சட்டம் சாவி இல்லாத பூட்டு மாதிரி. எந்த பாரத்தில் மனு செய்வது, எவ்வளவு கட்டணம், என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்று சொல்லுபவை விதிகள்தான். அவை இல்லாமல் இருபத்தோரு ஆண்டுகள் போயின. தாமதம் டில்லியின் தனிச் சொத்து அல்ல என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏர்வாடி சொல்லும் பாடம்

நாள் குறித்தாகிவிட்டது, விதியும் வந்தாகிவிட்டது என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை என்று ஏர்வாடி சொல்லுகிறது.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு மனநலம் பாதித்தவர்களைக் குடும்பத்தார் அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். தர்காவில் பிரார்த்தனை செய்தால் குணமாகும் என்ற நம்பிக்கை. அங்கே தனியார் பலர் காப்பகங்கள் நடத்தினார்கள். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

நோயாளியைக் கொடுமையாக நடத்தக் கூடாது, காப்பிடத்துக்கு லைசென்சு வேண்டும் என்று சொன்ன சட்டம் அப்போது அமுலில் இருந்தது. எட்டு ஆண்டுகளாக இருந்தது. கெஜட்டில் இருந்தது. ஏர்வாடிக் கொட்டகைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

தீக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. எல்லா மாநிலங்களிலும் லைசென்சு இல்லாத இடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. ஏர்வாடியில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய மனநலச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லுகிறது. அந்தச் சட்டம் 2018-ல் அமுலுக்கு வந்தது.

ஆகவே, ஒரு சுகாதாரச் சட்டத்துக்கு மூன்று நாட்கள் உண்டு. நிறைவேறும் நாள் ஒன்று. அமுலுக்கு வரும் நாள் ஒன்று. நோயாளியின் கட்டிலை வந்து சேரும் நாள் ஒன்று. முதல் நாளைப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. இரண்டாவது நாள் கெஜட்டின் ஒரு மூலையில் வந்து போகிறது. மூன்றாவது நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

சட்டம் செய்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். சுகாதாரச் சட்டம் ஒவ்வொன்றிலும் கடைசிக் கெடுவை எழுதிவிடுங்கள். "சர்க்கார் அறிவிக்கும் நாளில்" என்று எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அதோடு, "எப்படியும் இத்தனை மாதத்துக்குள்" என்றும் சேர்த்து எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு 120 நாள் போதுமானதாக இருந்தது. வைத்தியச் சட்டத்துக்கு ஆறு மாதமோ ஓர் ஆண்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு முடிவு இருக்கட்டும். சட்டம் நிறைவேறி அமுலுக்கு வருவதற்கு முன்பே விதிகளைத் தயாரிக்கலாம். 1897-ம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஆகவே, விதி எழுதவில்லை என்று சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்லுவோம். இனிமேல் "சட்டம் நிறைவேறியது" என்ற செய்தியைப் படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தத் தேதியில் அமுலுக்கு வருகிறது? நம் மாநிலத்துக்குப் பொருந்துமா? விதிகள் வந்துவிட்டனவா? முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கும். அதில் நாள் இல்லாமல், சர்க்கார் அறிவிக்கும் என்று மட்டும் இருந்தால், அறிவிப்பு வந்துவிட்டதா என்று கெஜட்டில் தேட வேண்டும். உங்களுக்குத் தேடத் தெரியாவிட்டால், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். அவர்கள் செல்போனில் தேடித் தருவார்கள்.

அதிலும் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதிப் போடுங்கள். "இந்தச் சட்டம் எந்தத் தேதியில் அமுலுக்கு வந்தது? வரவில்லை என்றால், அது பற்றிய கோப்பு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது?" என்று இரண்டு வரி எழுதினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ஓட்டுக் கேட்டு வருபவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

படிக்கத் தெரியாத காலத்தில், "சட்டம் எல்லாம் வக்கீல் சமாசாரம்" என்று நம் பெரியவர்கள் ஒதுங்கினார்கள். இன்று வீட்டுக்கு வீடு படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேதியைக் கேட்பதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம். காலண்டர் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சட்டசபையில் கை தட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. நாள் குறிக்காத சட்டம் நோயாளிக்கு ஒரு வேளை மருந்தும் வாங்கித் தராது. சட்டம் செய்யும் கைகளே அதற்கு நாளும் குறிக்க வேண்டும். தவறினால், எந்த நாள் என்று நாம் கேட்க வேண்டும். பதில் வரும் வரை கேட்க வேண்டும்.